திரும்ப வாங்காத சாவி

பாயம்மாவுக்கு என்று ஒரு பெயர் இருந்திருக்கும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர். நான் கேட்டதில்லை. ஏழு மாதம் எதிரெதிர் வீட்டில் இருந்தோம். அவர் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அவர் வீட்டு ஆணியில் என் வீட்டுச் சாவி தொங்கியது. ஆனாலும் கேட்கவில்லை. தெரு முழுக்கப் பாயம்மா என்றது, நானும் பாயம்மா என்றேன். செங்கல்பட்டில் முஸ்லிம் வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். பிற்பாடு அவரைத் தேடிக்கொண்டு ஊர் விட்டு ஊர் போனபோது, பெயர் தெரியாமல் ஒருவரை விசாரிப்பது எவ்வளவு கேவலமான காரியம் என்று தெரிந்தது.

என் வீட்டுக்காரர் தாலுக்கா ஆபீசில் குமாஸ்தா. மதுராந்தகத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மாற்றலானபோது எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு கிடைத்தது. வீட்டின் சொந்தக்காரர் ஒரு சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்னொன்னு எதுத்த வூட்டு பாயம்மாகிட்ட கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் எல்லா வீட்டுக்கும் இன்னொரு சாவி எதிர்வீட்டில்தான் இருக்கும் என்பதுபோலச் சொன்னார்.

லாரியிலிருந்து பாத்திர மூட்டையை இறக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் குரல் கேட்டது.

"வூட்ல யாரு? வூட்ல யாரு? வூட்ல யாரு?"

கதவு விரியத் திறந்து கிடக்கிறது. நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். அவர் அந்தப் பக்கம் நிற்கிறார். நெட்டையான உடம்பு, தலையில் வெள்ளைத் துப்பட்டி, ஒரு பக்கக் காது ஒடிந்து நூலால் கட்டிய மூக்குக் கண்ணாடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நான்தான் இங்க நிக்கிறேனே" என்றேன்.

"நிக்கிறது தெரியிது. வான்னு சொன்னா வர்றேன்."

வாங்க என்றேன், வந்தார். மூன்று தடவை கூப்பிட வேண்டும், பதில் இல்லாவிட்டால் திரும்பிப் போய்விட வேண்டும், அதுதான் தங்கள் மார்க்கம் என்று அவரே சொன்னார். பிறகு மடியிலிருந்து ஒரு நீள இரும்புச் சாவியை எடுத்துக் காட்டினார். அதில் ஊதா நிறத்தில் ஒரு துணித் துண்டு முடிந்திருந்தது. "இது உனுக்கு முன்ன இருந்தவங்க துணி. நீ ஒரு ரவிக்க தைக்கக் குடு, மாத்திக் கட்டிர்றேன்" என்றார்.

அது என்னவென்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஒரு வாரம் போனதும் விளங்கியது. எங்கள் தெருவில் பாதிப் பேர் ரயில்வேக்காரர்கள். எந்த நேரத்துக்கு டியூட்டி, எந்த நேரத்துக்கு வீடு என்று சொல்ல முடியாது. பெண்கள் குழாயடிக்குப் போவார்கள், கடைத்தெருவுக்குப் போவார்கள், மதியம் சினிமாவுக்குப் போவார்கள். புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே சாவியை நம்பி இருக்க முடியாது. புருஷனை இழந்து, பிள்ளை குட்டி இல்லாமல், தையல் மெஷினே கதியாக எந்நேரமும் வீட்டிலேயே இருக்கிறவர் பாயம்மா ஒருவர்தான். எப்போது யார் ஆரம்பித்தார்களோ, தெருவில் பதினேழு வீட்டின் இரண்டாவது சாவியும் அவர் வீட்டுச் சுவரில் ஆணி ஆணியாகத் தொங்கியது. எந்தச் சாவி யாருடையது என்று தெரிய, அந்தந்த வீட்டுக்கு அவர் தைத்த ரவிக்கையில் மிஞ்சிய துணியைக் கட்டி வைத்திருந்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, துணி தெரியும்.

நான் பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட துணி கொடுத்தேன். ரவிக்கை, சொன்ன நாளுக்குப் பத்து நாள் கழித்து வந்தது. கை ஒரு விரல் தொளதொளப்பாக இருந்தது. கேட்டதற்கு, "இப்ப ஒல்லியா கீறே. புள்ள பொறந்தா போட வோணாமா?" என்றார். என் ரவிக்கை மட்டுமல்ல, அந்தத் தெருவின் எல்லா ரவிக்கையும் அப்படித்தான். இனிமேல் வரப்போகிற சதைக்கும் சேர்த்தே தைப்பார். ஆனால் என் சாவியில் ஊதா போய்ப் பச்சை வந்துவிட்டது. அதைப் பார்த்த அன்று, இந்த ஊரில் நமக்கும் ஒரு ஆணி இருக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைப்பானேன்.

சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் எங்கே போகிறோம் என்று தாங்களாகவே அவரிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். அது அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வராது. அடுத்த வீட்டு ரயில்வே பிட்டர் ஒருநாள் பாதி டியூட்டியில் வீட்டுக்கு வந்து, பெண்டாட்டியைக் காணாமல் பாயம்மா வாசலில் நின்று அதட்டினார். அந்தப் பெண் மேட்னி ஷோவுக்குப் போயிருந்தது பாயம்மாவுக்கும் தெரியும், வாசலில் நின்ற எனக்கும் தெரியும். பாயம்மா மெஷினை நிறுத்தாமலே, "சாவி குடுத்துட்டுப் போச்சு. போற எடத்த எங்கிட்ட குடுக்கல" என்றார். அந்த மனிதர் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

மாசி மகத்துக்குத் தெருப் பெண்கள் எல்லாரும் மாமல்லபுரத்துக் கடலில் முழுகப் போனார்கள். எனக்கு அப்போது மசக்கை ஆரம்பித்திருந்தது, போகவில்லை. மத்தியானம் அந்த மாதத்தில் வரவே வராத மழை வந்தது. ஐந்து வீட்டு முற்றத்தில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. பாயம்மா ஐந்து சாவியை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினார். ஓடியவர், பூட்டிய வீட்டின் முன்னால் நின்று, "வூட்ல யாரு? வூட்ல யாரு? வூட்ல யாரு?" என்று மூன்று தடவையும் கூப்பிட்டு, காது கொடுத்துக் கேட்டு, அதற்குப் பிறகுதான் சாவியைப் போட்டார். ஒவ்வொரு வீட்டுக்கும் அப்படியே. நான் என் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கடைசியாகப் போன வீடு ரயில்வே கார்டு வீடு. அங்கே வடாம் கூழாகிவிட்டது.

சாயங்காலம் கார்டு வீட்டு அக்கா தலை ஈரம் காயாமல் வந்து சண்டை பிடித்தார். "காலி வூட்ல யார கூப்ட்டுகினு நின்னே பாயம்மா?"

"காலின்னு எனுக்கு எப்டி தெரியும்? கதவ தொறந்தாதான தெரியும்."

"பூட்டுன வூட்டுல யாரு இருப்பா?"

"வூடு கீதே" என்றார் பாயம்மா. "சாவி குடுத்தீங்க, சரி. அதுக்காவ கூப்டாம நொழஞ்சிட்றதா? வூட்டுக்குன்னு ஒரு மரியாத கீது."

இப்படிப்பட்டவருக்குத்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

பங்குனி பிறந்ததும் என் நைனா மதுராந்தகத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தார். அவர் நெல் வியாபாரி. நெல் மண்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவார், தூக்கத்தில் தடவியும் பார்த்துக்கொள்வார். அவர் வந்த நேரம் நான் குழாயடிக்குப் போயிருந்தேன். கேட்டதற்கு எதிர்வீட்டில் சாவி இருக்கும் என்று யாரோ சொல்ல, அங்கே போனார். பாயம்மா உள்ளே தொழுதுகொண்டிருந்திருக்கிறார். நைனா வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்திருக்கிறார். பதினேழு சாவி. அந்த வீட்டுக் கதவுக்கோ பூட்டே கிடையாது, ஒரு நாதாங்கி, அதில் ஒரு கயிறு. எப்போதும் வீட்டிலேயே இருக்கிறவருக்குப் பூட்டு எதற்கு?

நைனா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "இன்னா கண்ணு இது, ஊர் சாவியெல்லாம் ஆணில தொங்குது, அந்த வூட்டுக்கே பூட்டு இல்ல. எட்டு பவுனு பொட்டில வச்சிகினு எப்டி நீ தூங்குறே? புது வூட்டுக்கு வந்தா மொத வேலையா பூட்ட மாத்தணும். உங்க ஆத்தா இருந்தா செஞ்சிருப்பா."

"அவங்க நல்லவங்க நைனா" என்றேன்.

"நல்லவங்கதான். அவங்க வூட்டுக்குள்ள வர்றவன் நல்லவனா?"

அன்றைக்கு அவர் சொன்னதும் எனக்கே பயம் வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து நகையைத் தொட்டுப் பார்த்தேன். எட்டுப் பவுனும் அப்படியே இருந்தது. இருந்தாலும் பயம் போகவில்லை. என் வீட்டுக்காரர், "உன் இஷ்டம்" என்றார். ஆகவே என் இஷ்டத்தின் பேரில்தான் எல்லாம் நடந்தது, நைனாவைச் சொல்லிப் புண்ணியமில்லை.

அந்தக் காலத்துக் கதவில் பூட்டு மரத்துக்குள்ளேயே புதைந்திருக்கும். அதை மாற்றுவதென்றால் கதவைக் கழற்ற வேண்டும். ஆசாரி காலையில் வந்து, கீலோடு கதவைக் கழற்றி, தெருவில் இரண்டு முக்காலி போட்டு அதன்மேல் கிடத்தி உளியால் செதுக்க ஆரம்பித்தார். ரகசியமாகச் செய்ய வேண்டிய காரியம், நட்ட நடுத் தெருவில் ஊரைக் கூட்டி நடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாரும் என் கதவைச் சுற்றிக்கொண்டுதான் போனார்கள்.

மத்தியானம் ஆசாரி சாப்பிடப் போனார். வழக்கமாக என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு எடுத்துப் போகிற பியூன் அன்று வரவில்லை. நான் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு, கதவில்லாத வாசலில் நின்று முழித்தேன். எதிர்வீட்டில் மெஷின் ஓசை நின்றது.

"நீ போய்க் குடுத்துட்டு வாம்மா. நான் கீறேன்" என்றார் பாயம்மா.

போனேன். யாருக்குப் பயந்து பூட்டை மாற்றினேனோ, அவரிடமே கதவில்லாத வீட்டை ஒப்படைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன். தாலுக்கா ஆபீஸ் போய்ச் சேரும்வரை பெட்டியைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அதிலிருந்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். திரும்பி வந்தபோது அவர் பங்குனி வெயிலில், படிக்கு வெளியே, முக்காட்டை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே நிழல் இருந்தது, கூடத்தில் பாய் விரித்திருந்தது. நுழையவில்லை.

"உள்ள ஒக்காந்திருக்கலாமே பாயம்மா."

"நீ இல்லியே" என்றார். பிறகு, மடியிலிருந்து ஒரு துணித் துண்டை எடுத்தார். பச்சையில் மஞ்சள் புள்ளி. "இதுல கொஞ்சம் மீதி வச்சிருந்தேன். புது சாவிக்கும் இதையே கட்டிக்கலாம்."

புதுப் பூட்டுக்கு மூன்று சாவி. மூன்றும் என் இடுப்பில் இருந்தன.

"அவர்கிட்ட கேட்டுச் சொல்றேன் பாயம்மா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். துணியை மடித்துத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டார். "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மெஷின் ஓடுகிற ஓசை கேட்டது. பழைய சாவியை அவரிடமிருந்து நான் திரும்பக் கேட்கவில்லை. பூட்டே போனபிறகு சாவி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இத்துடன் முடிந்திருந்தால் ஒருத்தி மனசு நொந்ததோடு போயிருக்கும். மறுநாள் காலையில் குழாயடியில் கார்டு வீட்டு அக்கா கேட்டார். "இன்னாம்மா, பூட்ட மாத்திட்டே? எதனா காணாம பூடுச்சா?"

நாலைந்து பேர் குடத்தோடு நின்று என்னையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இல்லை என்றால் பின்னே எதற்கு மாற்றினாய் என்று கேட்பார்கள். எங்கள் நைனாவுக்குப் பாயம்மாமேல் நம்பிக்கை இல்லை என்று சொல்ல வேண்டும். அது பாயம்மாவுக்கு மரியாதைக் குறைவு என்று பட்டது. சந்தேகக்காரி என்ற பெயர் எனக்கு வந்துவிடும் என்பதும் பட்டது. இரண்டில் எது முதலில் பட்டது என்று இப்போது கேட்டால் தெரியாது. நான் பெரிய நாகரிகக்காரிபோல, "அதெல்லாம் எதுக்குக்கா, வுடுங்க" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வுடுங்க என்றதைத் தெரு விடவில்லை. புதுசாக வந்த பெண்ணின் வீட்டில் என்னமோ போய்விட்டதாம், பாவம், வாய் திறக்கவில்லையாம் என்று ஆனது. அடுத்த வாரம் அது ஒரு ஜோடித் தோடாக ஆனது. அதற்கடுத்த வாரம் தோட்டில் கல் வைத்தார்கள். என் காதுக்கும் வந்தது. ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். இனிமேல் சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பேசாமல் இருந்தேன். நாள் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று.

சாவிகள் திரும்ப ஆரம்பித்தன. யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. மாமியார் வந்திருக்கிறார், இனி வீட்டிலேயே ஆள் இருக்கும் என்றார் ஒருவர். ஒரு சாவி தொலைந்துவிட்டது, அதனால் இது வேண்டும் என்றார் இன்னொருவர். பாயம்மா யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. ஆணியிலிருந்து எடுத்து, துணியோடு அப்படியே கொடுத்தார். சாவியை வாங்கிக்கொண்டவர்கள், அவரிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கவும் கூச்சப்பட்டுக் கடைத்தெருத் தையல்காரரிடம் போனார்கள். ஆசாரி ஒருநாள் என்னைப் பார்த்துச் சிரித்து, "உன்னாலதாம்மா இந்த தெருவுல ஒரு மாசமா எனக்கு வேல" என்றார். எந்த வீட்டிலாவது கதவில் உளி தட்டுகிற ஓசை கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள், சமையலறையில் இருந்தேன். கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"வூட்ல யாரு?"

கரண்டியைக் கீழே வைத்தேன். எழுந்திருக்கவில்லை. எதற்கு வந்திருக்கிறார் என்று ஒரு யோசனை, என்ன முகத்தை வைத்துக்கொண்டு பார்ப்பது என்று ஒரு யோசனை.

"வூட்ல யாரு?"

அடுப்புப் புகை வெளியே போய்க்கொண்டிருக்கிறது. நான் உள்ளேதான் இருக்கிறேன் என்று தெருவுக்கே தெரியும். மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். என் சௌகரியத்துக்காகத்தான் அந்த நேரம் என்று இப்போது நினைக்கிறேன்.

"வூட்ல யாரு?"

அவ்வளவுதான். நான்காவது தடவை கூப்பிட மாட்டார் என்று எனக்குத் தெரியும். செருப்பு ஓசை தெருவைக் கடந்து போனது. ஆடி பிறப்பதற்குள் அவர் மெஷினை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு, கடற்கரைப் பக்கம் புதுப்பட்டினத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு மகள் பிறந்தாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு அந்தப் பச்சை ரவிக்கை அளவாக இருந்தது. அதைப் போடுகிற நாளெல்லாம் எனக்கு நிம்மதி போனது. நாலு வருஷம் அப்படியே கழிந்தது. ஒருநாள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் கோயிலுக்கு என்று சொல்லி பஸ் ஏறினேன். நயா பைசா வந்த புதிது, கண்டக்டர் சில்லறைக்கு எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் புதுப்பட்டினம்வரை போனேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல் ஓசை கேட்கிற ஊர். கடைக்குக் கடை நின்று என்ன சொல்லி விசாரிப்பது? பெயர் தெரியாது.

"செங்கல்பட்டுல இருந்து வந்தவங்க. தையல் மெஷின் வச்சிருப்பாங்க. தெரு சாவியெல்லாம் வச்சிருந்தவங்க" என்றேன்.

"சாவியா?" என்று கயிற்றுக் கடைக்காரர் யோசித்தார். "சாவியெல்லாம் தெரியாது. கட்டுமரத்துக்குப் பாய்த்துணி தைக்கிற அம்மா ஒருத்தங்க கீறாங்க" என்று வீட்டைக் காட்டினார்.

கதவு திறந்துதான் இருந்தது. நான் வாசலில் நின்று, "வூட்ல யாரு?" என்று மூன்று தடவை கூப்பிட்டேன்.

"வா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

மடிமேல் கனத்த துணி, கையில் கோணி ஊசி. ரவிக்கை தைத்த விரல்களில் கந்தல் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "கொஞ்சம் சதை போட்டிருக்கே. நான் சொல்லல?" என்றார். தண்ணீர் கொடுத்தார். குழந்தையை விசாரித்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரே ஒரு ஆணி. அதில் நீள இரும்புச் சாவி, பச்சையில் மஞ்சள் புள்ளித் துணி.

அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். "தெருவுல எல்லாரும் வாங்கிகினு பூட்டாங்க. உன்னுது ஒன்னுதான் நீ வந்து கேக்கல. கேக்காம எப்டி தூக்கிப் போட்றது?"

அவர் குத்திக் காட்டவில்லை. அப்படியே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க வூட்ல ஒண்ணுமே காணாம போகல பாயம்மா. ஒரு குந்துமணிகூடப் போகல. நைனா சொன்னாரு, நான் பயந்துட்டேன். அவ்ளோதான்" என்றேன். நாலு வருஷமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள்.

அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இத எங்கிட்ட எதுக்கும்மா சொல்றே? நான் எடுக்கலன்னு எனுக்குத் தெரியாதா?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"தெருவுல சொல்லு. அன்னிக்கு அதக் கேக்கத்தான் உன் வூட்டுக்கு வந்தேன். கொழாயடில ஒரு வார்த்த சொல்லிடும்மான்னு. நீ வூட்ல இல்ல போல கீது." ஊசியைத் துணியில் குத்தினார். "போய்ச் சொல்லிட்டு, வந்து சாவிய வாங்கிக்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தைரியம் வந்திருந்தது. இதுவாவது என்னால் ஆகும் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் குழாயடியில், எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். என் வீட்டில் எந்தக் காலத்திலும் எதுவும் காணாமல் போகவில்லை, பாயம்மாமேல் வந்தது பொய்ப் பேச்சு, என் வாயால் வந்த வினை என்று தெளிவாகச் சொன்னேன்.

கார்டு வீட்டு அக்கா என் தோளைத் தட்டினார். மற்றவர்களிடம் திரும்பி, "பாத்தீங்களா? அன்னிக்கும் இது வாயத் தொறக்கல, வுடுங்கன்னுச்சு. இன்னிக்கும் அந்தம்மாவ வுட்டுக் குடுக்கல. பெரிய மனசு" என்றார்.

"இல்லக்கா, நிஜமா ஒண்ணும் போகல. என் பொண்ணு மேல சத்தியமா."

"அய்ய, புள்ள மேல ஆணை வைக்காத. போனது போவுட்டும்."

"ஒண்ணும் போகலன்னு சொல்றேனே."

"ஒண்ணும் போகலன்னா பின்ன எதுக்குப் பூட்ட மாத்துனே?"

"பயந்துட்டேன்க்கா."

"பயம் சும்மா வருமா?" என்றார் அக்கா.

எல்லாரும் தலையாட்டினார்கள். என்மேல் அவர்களுக்கு அன்றைக்கு மதிப்புக் கூடிப்போனது. எனக்கு முன்னால் வந்து நின்றவர்கள்கூட விலகி, என்னை முதலில் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் காஞ்சிபுரத்துக்கு மாற்றலாகிப் போனோம். அதற்குப் பிறகு இன்னும் மூன்று வீடு மாறியாகிவிட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் பாலைக் காய்ச்சுவதற்கு முன்பே பூட்டை மாற்றிவிடுவேன். அப்போது தெருவில் யாரும் நமக்குப் பழகியிருக்க மாட்டார்கள், யார் மனசும் புண்படாது. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான் என்றால் வெட்கமாக இருக்கிறது.

தெருவில் சொல்லிவிட்டு வந்து சாவியை வாங்கிக்கொள் என்றார் பாயம்மா. சொல்லத்தான் செய்தேன். அதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது? சொன்னேன், யாரும் நம்பவில்லை, உங்கள் பெயர் முன்னைவிடக் கெட்டியாகக் கெட்டுவிட்டது என்றா? புதுப்பட்டினத்துக்கு பஸ் தினமும் போய்க்கொண்டுதான் இருந்தது. நான் சாவியை வாங்கிக்கொள்ளப் போகவே இல்லை.